மொழி அமிழ்வுக் கல்வியும் தொடக்கப் பள்ளி மாணவர் ஆதரவும்

மொழி அமிழ்வுக் கல்வி என்பது, குழந்தை வீட்டில் பேசாத ஒரு மொழியைத் தனிப் பாடமாக மட்டும் நடத்தாமல், கணக்கு, சூழ்நிலையியல், கதை, விளையாட்டு ஆகிய எல்லாவற்றையும் அந்த மொழியிலேயே நடத்தி, அவற்றின் வழியாகவே மொழியையும் கற்கச் செய்யும் முறையாகும். ஆங்கிலத்தில் இதனை 'இம்மெர்சன்' என்பர். கனடாவில் ஆங்கிலம் பேசும் குடும்பத்துக் குழந்தைகளுக்குப் பிரெஞ்சு மொழியில் நடத்தப்படும் தொடக்கப் பள்ளி வகுப்புகள் இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டாகும்.

தமிழ்நாட்டில் இப்பெயரில் எந்தத் திட்டமும் இல்லை. ஆனால் 2012-13ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட ஆங்கிலவழிப் பிரிவுகளில், தமிழ் மட்டுமே தெரிந்த ஐந்து வயதுக் குழந்தை ஆங்கிலப் பாடநூல்களோடு ஒன்றாம் வகுப்பில் அமர்கிறது. குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே நிலைமைதான். இவ்விரண்டையும், அவற்றில் பின்தங்கும் குழந்தைக்குக் கிடைக்கும் உதவிகளையும், திருச்சிராப்பள்ளி மாவட்டம் லால்குடி வட்டாரப் பள்ளிகளின் சூழலோடு சேர்த்து இக்கட்டுரை விளக்குகிறது.

பாடமும் பாடமொழியும்

திருச்சிராப்பள்ளி நகரில் மேல்நிலை வகுப்புக்கு வரும் மாணவர்கள் சிலர் மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுப்பதுண்டு. மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்பதே பெரும்பாலும் காரணம். வாரத்திற்குச் சில பாடவேளைகள், வினைச்சொல் அட்டவணைகள், ஒரு தேர்வு. அதன் பின்பு பிரெஞ்சு மறந்துவிடும். (1752இல் திருவரங்கத்தில் முகாமிட்டிருந்த பிரெஞ்சுப் படை சரணடைந்தது. அதன் பின் இப்பகுதியில் பிரெஞ்சு வேரூன்ற வாய்ப்பே இல்லாமல் போயிற்று.) இவ்வாறு படிப்பது மொழியைப் பாடமாகப் படிப்பது.

அமிழ்வுக் கல்வி வேறு. அதில் மொழி படிக்கும் பொருள் அன்று, படிக்கும் வழி. ஆசிரியர் 'கதவை மூடு' என்பதையும், 'மூன்றும் நான்கும் எத்தனை' என்பதையும், 'மழை எங்கிருந்து வருகிறது' என்பதையும் புதிய மொழியிலேயே கேட்பார். குழந்தை முதலில் வீட்டு மொழியில் விடை சொல்லும். ஆசிரியர் அதை ஏற்றுக்கொண்டு, புதிய மொழியில் திருப்பிச் சொல்வார். படம், சைகை, பாட்டு, ஒரே தொடரைப் பல முறை சொல்லுதல் ஆகியவற்றின் துணையோடு சில மாதங்களில் குழந்தைக்குப் பேச்சு புரியத் தொடங்கும். தானாகப் பேசுவதற்கு இன்னும் நாளாகும்.

வாய்க்காலில் நீச்சல் பழகும் பிள்ளைக்கு முதலில் வாழைமரத் துண்டு ஒன்றைக் கொடுப்பார்கள். அல்லது பெரியவர் ஒருவர் வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்குவார். தண்ணீர் அதே தண்ணீர்தான். தாங்கும் கை இருந்தால் அது பழக்குவது, இல்லாவிட்டால் தள்ளிவிடுவது. கல்வியாளர்களும் இந்த வேறுபாட்டைச் செய்கின்றனர். தாங்குதலோடு கூடியதை அமிழ்வு என்றும், தாங்குதல் இன்றிப் புதிய மொழி வகுப்பில் அமர்த்திவிடுவதை மூழ்கடிப்பு என்றும் சொல்லலாம்.

செயின்ட் லாம்பர்ட் வகுப்பு

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பெரும்பான்மையோரின் மொழி பிரெஞ்சு. மாண்ட்ரியல் நகரை அடுத்த செயின்ட் லாம்பர்ட்டில் வாழ்ந்த ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர், பள்ளியில் பல ஆண்டுகள் பிரெஞ்சைப் பாடமாகப் படித்தும் கடையில் நான்கு வார்த்தை பேசத் தம் பிள்ளைகளுக்கு வராததைக் கண்டனர். 1963இல் கூடிப் பேசத் தொடங்கிய அவர்கள், பள்ளி வாரியத்தைப் பலமுறை வற்புறுத்தினர். மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட், நரம்பியல் அறுவை வல்லுநர் வைல்டர் பென்ஃபீல்ட் ஆகியோரின் ஆதரவும் அவர்களுக்குக் கிடைத்தது. 1965 செப்டம்பரில் மழலையர் வகுப்பொன்று முற்றிலும் பிரெஞ்சில் தொடங்கப்பட்டது.

ஆங்கிலத்தில் எழுதப் படிக்கக் கற்பிப்பது இரண்டாம் வகுப்பில்தான் தொடங்கியது. அதனால் பிள்ளைகள் தாய்மொழியில் பின்தங்கிவிடுவார்களோ என்ற அச்சம் இருந்தது. லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அந்த வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுதோறும் சோதித்து 1972இல் நூலாக வெளியிட்டனர். ஆங்கில வாசிப்பில் தொடக்கத்தில் சற்றுப் பின்தங்கினாலும், ஆங்கிலப் பாடம் தொடங்கியபின் அந்த இடைவெளி விரைவில் மறைந்தது, கணக்கில் குறைவில்லை, பிரெஞ்சில் பாடமாகப் படித்தவர்களைவிடப் பன்மடங்கு முன்னேற்றம். 1969இல் கனடாவின் அலுவல் மொழிகள் சட்டம் வந்தது. 1977இல் 'பிரெஞ்சுக்கான கனடியப் பெற்றோர்' என்ற அமைப்பு உருவானது. திட்டம் நாடெங்கும் பரவியது.

இன்று அங்கே மூன்று வகைகள் உண்டு. மழலையர் வகுப்பிலோ ஒன்றாம் வகுப்பிலோ தொடங்குவது முன்தொடக்க அமிழ்வு. நான்காம் வகுப்பை ஒட்டித் தொடங்குவது இடைத்தொடக்கம். ஆறாம், ஏழாம் வகுப்பில் தொடங்குவது பின்தொடக்கம்.

குறை இல்லாமல் இல்லை. மெரில் ஸ்வெயின் என்ற மொழியியலாளர் 1980களில் சுட்டிக்காட்டியது இது: அமிழ்வு மாணவர்கள் கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு நெருக்கமாக வருகின்றனர், ஆனால் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் ஆண்டுக்கணக்கில் நீங்குவதில்லை. வகுப்பில் அவர்கள் கேட்பது மிகுதி, தாமாக நீண்ட தொடரில் பேசுவது குறைவு என்பதே அவர் கண்ட காரணம். ஆசிரியர் மட்டும் பேசிக்கொண்டிருக்கும் எந்த வகுப்புக்கும் இது பொருந்தும்.

கூட்டும் மொழி, கழிக்கும் மொழி

செயின்ட் லாம்பர்ட் முடிவுகளைப் படித்துவிட்டு, 'எந்தக் குழந்தையையும் எந்த மொழியிலும் சேர்க்கலாம்' என்று முடிவு செய்வது தவறு. லாம்பர்ட்டே இதை எச்சரித்தார். வீட்டு மொழி ஊரிலும் வலுவாக இருக்கும்போது வந்து சேரும் இரண்டாம் மொழி, இருப்பதோடு கூடுகிறது. வீட்டு மொழிக்கு வெளியே மதிப்பில்லாதபோது வரும் மொழி, இருந்ததைக் கழித்துவிட்டு அந்த இடத்தில் அமர்கிறது. முதலாவதைக் கூட்டும் இருமொழியம் என்றும் இரண்டாவதைக் கழிக்கும் இருமொழியம் என்றும் அவர் வேறுபடுத்தினார்.

இரண்டையும் அருகருகே காண மாண்ட்ரியல் நகரமே போதும். 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனப்படி, கியூபெக்கில் குடியேறுவோரின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் சேர வேண்டும். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அவ்வாறே சேர்ந்தனர். ஆங்கிலக் குழந்தை விருப்பத்தால் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறது. அதன் வீட்டு மொழிக்கு நாடு முழுவதும் இடமுண்டு. தமிழ்க் குழந்தை சட்டத்தால் போகிறது. அதன் வீட்டு மொழிக்குப் பள்ளியில் இடமில்லை. பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளோ பிறப்பிலேயே பிரெஞ்சு பேசுபவர்கள். இக்குழந்தைகளுக்காக 'வரவேற்பு வகுப்பு' என்ற ஏற்பாட்டைக் கியூபெக் வைத்திருக்கிறது. பொது வகுப்புக்குப் போகுமுன் அதில் தனியே பிரெஞ்சு கற்கின்றனர். டொரோண்டோ பகுதியில் நிலைமை மாறுகிறது. அங்கே தமிழ்ப் பெற்றோர் தம் பிள்ளைகளைப் பிரெஞ்சு அமிழ்வு வகுப்பில் விரும்பிச் சேர்ப்பதும் உண்டு. அப்பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் ஆங்கிலம், பள்ளியில் பிரெஞ்சு. வார இறுதியில் தமிழ் வகுப்பு.

தமிழ் மண்ணிலேயே பிரெஞ்சில் பயிலும் தொடக்கப் பள்ளிக்குப் புதுச்சேரிக்குத்தான் போக வேண்டும். 1826இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சுப் பள்ளி அங்கே இன்றும் மழலையர் வகுப்பு முதல் பள்ளியிறுதி வரை பிரான்சு நாட்டுப் பாடத்திட்டத்தில் நடக்கிறது. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் பலர் அதன் மாணவர்கள். வீட்டில் தமிழே பேசும் குழந்தைக்கு அது அமிழ்வு வகுப்பேயாகும்.

பின்தங்கும் குழந்தையை என்ன செய்வது

அமிழ்வு வகுப்பில் ஒரு குழந்தை இரண்டாம் வகுப்பு முடிந்தும் படிக்கத் திணறினால், கனடாவில் நெடுநாள் வழக்கம், 'இவனுக்கு இது ஒத்துவராது. ஆங்கில வகுப்புக்கு மாற்றுங்கள்' என்று பெற்றோரிடம் சொல்வதாகும். சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் ஆகியோர் பெரும்பாலும் ஆங்கில வகுப்புகளுக்கே அமர்த்தப்பட்டிருந்தனர். பிரெஞ்சு வகுப்பில் உதவி இல்லாததால் குழந்தை வெளியேறியது. குழந்தை வெளியேறியதால் உதவி தேவையில்லை என்றாயிற்று.

மாற்றுவது சரியா என்பதில் ஆய்வாளர் இரு பக்கம் நின்றனர். 1970களில் ஒட்டாவாவில் ரொனால்டு டிரைட்ஸ், சில குழந்தைகளின் மூளை வளர்ச்சியில் ஒரு பகுதி தாமதப்படுவதால் அவர்களுக்கு முன்தொடக்க அமிழ்வு பொருந்தாது என்றார். அதே காலத்தில் மாண்ட்ரியலில் மார்கரெட் புரூக், மொழித்திறன் குறைபாடுள்ள குழந்தைகளை அமிழ்வு வகுப்பிலும் ஆங்கில வகுப்பிலும் தொடர்ந்து கவனித்தார். குறைபாடு இரண்டு இடத்திலும் இருந்தது; பிரெஞ்சு வகுப்பில் இருந்ததால் அது கூடிவிடவில்லை; கூடுதலாகப் பிரெஞ்சும் வந்திருந்தது. பிரெட் ஜெனிசியின் ஆய்வுகளும் இதையே ஒட்டிச் சென்றன. கற்றலில் பின்தங்கும் குழந்தை எந்த மொழியிலும் பின்தங்கும், வேண்டியது மொழி மாற்றம் அன்று, உதவி என்பதே இவற்றின் பொருள். அந்த உதவியைப் பள்ளி கொடுக்காதபோது, மன உளைச்சலோடு அங்கேயே வைத்திருப்பதும் நல்லதன்று என்பதைப் புரூக்கே பிற்பாடு எழுதினார்.

இது அரசியலாகவும் வெடித்தது. கனடாவில் இரு மொழிகளையும் அலுவல் மொழியாகக் கொண்ட ஒரே மாநிலம் நியூ பிரன்சுவிக். 2008இல் அங்கு அறிக்கை அளித்த ஆய்வுக் குழு, நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் அமிழ்வு வகுப்பில் சேர்ந்துவிட, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் ஆங்கில வகுப்புகளில் குவிகின்றனர் என்றது. அரசு முன்தொடக்க அமிழ்வையே நிறுத்த முனைந்தது. பெற்றோர் நீதிமன்றம் சென்றனர். முடிவில் தொடக்க வகுப்பு மூன்றாம் வகுப்பாக மாற்றப்பட்டது. 2017இல் மீண்டும் ஒன்றாம் வகுப்புக்கே திரும்பியது. ஒன்பது ஆண்டு அலைச்சலுக்குப் பின்னும், ஒரே பள்ளிக்குள் இரண்டு வகுப்பு, இரண்டு தரம் என்ற கேள்வி அங்கே ஓயவில்லை.

லால்குடி வட்டாரத்தில் ஆங்கிலவழி

கொள்ளிடத்தின் வடகரையில் நெல்லும் வாழையும் விளையும் பகுதி லால்குடி. ஆங்கரை, பூவாளூர், வாளாடி, அன்பில் போன்ற ஊர்களில் காலை எட்டு மணிக்குத் தனியார் பள்ளி வேன்கள் வந்து நிற்பது பழகிப்போன காட்சி. வேன் ஏறும் பிள்ளை ஆங்கிலவழிப் பிள்ளை என்பதே பெற்றோர் கணக்கு. நடவுக்குப் போகும் தாயும் கட்டணத்திற்கு நகையை அடகு வைக்கிறாள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததற்கு இந்த வேன் ஒரு முதன்மைக் காரணம்.

சட்டம் இதில் பெற்றோர் பக்கமே நிற்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்பு வரை தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்று 1999இல் பிறப்பிக்கப்பட்ட அரசாணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் செல்லாததாக்கியது. கர்நாடக வழக்கில் 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம், தொடக்கக் கல்வியில் தாய்மொழியை அரசு கட்டாயமாக்க முடியாது என்றது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், பயிற்றுமொழி 'இயன்றவரை' தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த 'இயன்றவரை' என்ற சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழை எல்லாப் பள்ளிகளிலும் ஒரு பாடமாகக் கட்டாயமாக்கியது, பயிற்றுமொழியாக அன்று.

இந்நிலையில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் 2012-13இல் சில நூறு பள்ளிகளில் தொடங்கி, அடுத்த ஆண்டு முதல் விரிவாக்கப்பட்டன. பிள்ளைகள் வெளியேறுவதைத் தடுக்கும் முயற்சி அது. அதில் தவறு காண முடியாது. ஆனால் கனடிய வகுப்போடு ஒப்பிட்டால் சில வேறுபாடுகள் கண்ணில் படுகின்றன.

நன்மையான பக்கம் முதலில். லால்குடிக் குழந்தையின் தமிழுக்கு ஊரில் எந்த ஆபத்தும் இல்லை. தெரு முழுக்கத் தமிழ். வகுப்பில் எல்லாக் குழந்தைகளும் ஆங்கிலத்தில் ஒரே தொடக்க நிலையில் இருக்கின்றனர். ஆசிரியருக்குக் குழந்தையின் மொழி முழுமையாகத் தெரியும். இம்மூன்றும் செயின்ட் லாம்பர்ட்டிலும் இருந்தவை. மாண்ட்ரியல் தமிழ்க் குழந்தைக்கு இல்லாதவை.

குறை ஆசிரியர் பக்கமும் எண்ணிக்கைப் பக்கமும் உள்ளது. இடைநிலை ஆசிரியர் பலர் தாமே தமிழ்வழியில் படித்துப் பட்டயம் பெற்றவர்கள். ஆங்கிலத்தில் கதை சொல்லவும் சண்டையைத் தீர்த்து வைக்கவும் பயிற்சி பெறாதவர்கள். இது அவர்கள் குற்றமன்று. அடுத்து, கட்டாயக் கல்விச் சட்ட அட்டவணைப்படி 60 மாணவர் வரை இரண்டு ஆசிரியர். ஈராசிரியர் பள்ளி ஒன்றில் ஐந்து வகுப்புக்கும் இரு வழியும் இருந்தால், பதிவேட்டில் பத்துப் பிரிவுகள், அறையில் இருவர். அப்போது நடப்பது என்ன? பிள்ளைகள் கலந்தே அமர்கின்றனர். பாடநூல் ஆங்கிலத்தில், விளக்கம் தமிழில், வினா விடை மனப்பாடமாக ஆங்கிலத்தில். இதை அமிழ்வு என்றும் சொல்ல முடியாது, மூழ்கடிப்பு என்றும் சொல்ல முடியாது. தமிழில் விளக்குவது தவறன்று. அதுதான் தாங்கும் கை. ஆனால் விளக்கத்திற்கும் விடைக்கும் நடுவே குழந்தை தானாக ஆங்கிலத்தில் ஒரு தொடர் பேசும் இடம் இல்லாமல் போகிறது. மெரில் ஸ்வெயின் சொன்ன குறை இங்கே இரட்டிப்பாகிறது.

சூழ்நிலையியல் பாடத்தில் இது நன்றாகத் தெரியும். நாற்றங்கால், வரப்பு, மடை, களை, அறுவடை எல்லாம் கண்ணால் கண்டு அறிந்த ஆறு வயதுக் குழந்தை, 'செடி வளர என்ன வேண்டும்' என்று தமிழில் கேட்டால் பத்து நிமிடம் பேசும். அதே வினா ஆங்கிலத்தில் வந்தால் வாய் திறக்காது. அறிவு இருக்கிறது, சொல் இல்லை. மதிப்பெண் ஏட்டில் இரண்டும் ஒன்றாகவே பதிவாகும்.

கணக்கில் சிக்கல் வேறு விதம். பதினொன்று என்பதில் பத்தும் ஒன்றும் காதில் விழுகின்றன. ஆங்கிலத்தின் 'லெவன்', 'டுவெல்வ்' என்பவற்றில் பத்து காதில் விழாது. 'தர்டீன்', 'தர்ட்டி' இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும். பிரெஞ்சு இதைவிடக் கடுமை: எழுபது என்பதற்கு அறுபது-பத்து, தொண்ணூற்றேழு என்பதற்கு நான்கு-இருபது-பதினேழு என்று சொல்ல வேண்டும். தமிழிலும் எண்பதுக்குப் பின் ஒன்பதை விட்டு நூறை ஒட்டித் தொண்ணூறு என்று வருகிறதே என்று கேட்கலாம். ஆம், அந்த ஓர் இடத்தில் தமிழ்க் குழந்தையும் தடுமாறத்தான் செய்கிறது. கூட்டல் தெரியாத குழந்தையையும், எண்ணுப்பெயர் தெரியாத குழந்தையையும் பிரித்தறிவது ஆசிரியரின் முதல் வேலை. கல்லையோ புளியங்கொட்டையையோ கையில் கொடுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆதரவுச் சேவைகள்

தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி மாணவருக்கான ஆதரவு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானது. கொரோனா கால இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வியில், தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளின் குடியிருப்புப் பகுதியிலேயே வகுப்பெடுத்தனர். 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டது. இதில் வகுப்பைப் பார்க்காமல் திறனைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனக் குழந்தைகளைப் பிரிப்பர். மூன்றாம் வகுப்புக் குழந்தை எழுத்தறியாமல் இருந்தால் அரும்பு நிலையில் தொடங்கும், வெட்கப்பட வேண்டியதில்லை. ஈராசிரியர் பள்ளிக்கு ஏற்ற முறை இது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும் கற்றல் ஆதரவாகவே கொள்ளவேண்டும். பசித்த குழந்தைக்கு எந்த மொழியும் ஏறாது.

மற்றொன்று, சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கானது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் உள்ளது. சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் அதைச் சார்ந்து பணியாற்றுகின்றனர். சிறப்பாசிரியர் ஒரே பள்ளியில் இருப்பதில்லை. பல பள்ளிகளுக்கு முறை வைத்துச் செல்வார். பள்ளிக்கு வர இயலாத குழந்தைக்கு வீட்டுவழிக் கல்வியும் அவர் பொறுப்பே. பெரும்பாலோர் தொகுப்பூதியத்தில் பணிபுரிபவர்கள். இத்திட்டத்திற்கான ஒன்றிய அரசின் 2024-25ஆம் ஆண்டுப் பங்கு, பி.எம்.ஸ்ரீ பள்ளிகள் தொடர்பான கருத்து வேறுபாட்டால் தமிழ்நாட்டிற்கு விடுவிக்கப்படாதபோது, முதலில் கேள்விக்குள்ளானது இத்தகையோரின் ஊதியமே. தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் கூறியிருக்கிறது. ஊர் ஊராகச் செல்லும் முறைக்கும் அந்த அளவுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

மொழிச் சிக்கலா, கற்றல் குறைபாடா

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அவற்றுள் ஒன்று. அறிவில் குறைவின்றி, வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ மட்டும் தொடர்ந்து தடுமாறுவது இதன் தன்மை. ஆனால் இதற்கான சோதனை மூன்றாம் வகுப்பில், அதாவது எட்டு வயதை ஒட்டித்தான் செய்யப்படுகிறது. அதற்கு முன் சான்றிதழ் கிடைக்காது. ஆகவே ஒன்று, இரண்டாம் வகுப்பில் குழந்தையைக் கவனிப்பது முழுக்க வகுப்பாசிரியர் கையில் உள்ளது.

ஆங்கிலவழி வகுப்பில் படிக்காத குழந்தையைப் பார்த்து, 'புது மொழி, போகப் போகச் சரியாகும்' என்று விட்டுவிடுவதும் நடக்கும். 'இவனுக்கு மூளை இல்லை' என்று முத்திரை குத்துவதும் நடக்கும். இரண்டும் குழந்தைக்குக் கேடு. ஜிம் கம்மின்ஸ் என்ற கனடியக் கல்வியாளர் 1979 முதல் எழுதிவந்தது இங்கே உதவும். விளையாட்டுத் திடலில் பேசும் மொழி ஏறத்தாழ இரண்டு ஆண்டில் வந்துவிடும். பாடநூல் மொழி கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். சரளமாகப் பேசுகிறதே என்று குழந்தையின் மொழித்தேவை முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. ஒரு மொழியில் கற்ற வாசிப்புத் திறன் மற்ற மொழிக்கும் உதவும் என்பதும் அவர் கருத்து.

எனவே எளிய வழி, குழந்தையை இரண்டு மொழியிலும் பார்ப்பது. தமிழில் நன்றாகப் படித்து, ஆங்கிலத்தில் மட்டும் திணறினால் பெரும்பாலும் அது மொழிப் பழக்கம் போதாமை. தமிழிலும் அதே தடுமாற்றம் இருந்தால் கூர்ந்து கவனிக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் பொருத்தம் நெருக்கமானது, ஆங்கிலத்தில் அப்படியன்று. வாசிப்புக் குறைபாடுள்ள குழந்தை தமிழை எழுத்துக் கூட்டி மெதுவாகவேனும் சரியாகப் படித்துவிடக்கூடும். பிழை இல்லையென்று திருப்தி அடையாமல் வேகத்தையும் பார்க்க வேண்டும். மறுபுறம், 247 எழுத்துகளின் வடிவங்களும் கைவர மூன்றாம் வகுப்பு வரை ஆவது இயல்பே. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு மயக்கம் இரண்டாம் வகுப்பில் எல்லாக் குழந்தைக்கும் உண்டு. ல, ள, ழ மாறுவது குறைபாடே அன்று, ஊர்ப் பேச்சு.

இவற்றுக்கெல்லாம் முன்பு கண்ணும் காதும். கரும்பலகை தெரியாத குழந்தை முன்வரிசைக்கு வந்ததும் 'தேறிவிடுவது' எந்தப் பள்ளியிலும் நடந்திருக்கும் கதை. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவினரிடமும், கண்ணொளி காப்போம் திட்டத்திலும் இச்சோதனைகள் இலவசம். குறைபாடு ஐயம் தோன்றினால் தலைமையாசிரியர் வழியாக வட்டார வள மையத்திற்குத் தெரிவித்து, ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்கு அழைத்துச் செல்லலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற இலவச எண்ணிலும் விவரம் கேட்கலாம். சான்று பெற்ற மாணவருக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. சான்றைப் பத்தாம் வகுப்பில் தேடி ஓடுவோர் பலர். மூன்றாம் வகுப்பிலேயே தெரிந்திருந்தால் ஏழு ஆண்டுகள் அந்தக் குழந்தை அடி வாங்காமல் படித்திருக்கும்.

பயிற்றுமொழி மாற்றம்

திணறும் பிள்ளையை ஆங்கிலவழியிலிருந்து தமிழ்வழிக்கு மாற்றுவது, கனடாவில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்திற்கு மாற்றுவதைப் போன்றதே. பெற்றோர் விருப்பக் கடிதத்தோடு கல்வியாண்டின் தொடக்கத்தில் செய்துகொள்வது நல்லது. சிக்கல் மொழிப் பழக்கத்தால் வந்தது என்றால், முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் மாற்றுவதால் இழப்பு ஏதுமில்லை. காரணம் கற்றல் குறைபாடு என்றால், மாற்றம் மட்டும் போதாது. தமிழ்வழி வகுப்பிலும் அதே உதவி தேவைப்படும். ஐந்தாம் வகுப்பு முடித்து ஊரை விட்டு நடுநிலைப் பள்ளிக்கோ உயர்நிலைப் பள்ளிக்கோ போகும்போது மாற்றுவதுதான் பெரும்பாலோர் செய்வது. புதிய பள்ளி, புதிய ஆசிரியர்கள், கலைச்சொற்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மாறுவதால் குழந்தைக்கு அது மிகவும் கடினமான காலம்.

ஜூன் மாதச் சேர்க்கையின்போது பெற்றோர் அதிகம் அறியாத செய்தி ஒன்றும் உண்டு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. 2020இல் அது திருத்தப்பட்டு, பட்டப்படிப்பு மட்டுமன்றிப் பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருந்திருக்க வேண்டும் என்றாயிற்று. ஐந்து வயதுப் பிள்ளைக்கு எந்த வழி என்று விண்ணப்பத்தில் குறிக்கும்போது, இருபது ஆண்டு கழித்துக் கேட்கப்படும் அந்தச் சான்றிதழுக்கான முதல் பதிவும் அதே பக்கத்தில்தான் எழுதப்படுகிறது.